மீந்துபோன தாம்பூலப் பைகள்

மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்த அன்று நான் இருந்தேன். குழாயடியில் குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் இருந்தார். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயின் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். அவர் எப்போதும் இருப்பார். என் மகளும் இருந்தாள். வாசலில் இல்லை. ஜன்னலுக்கு உள்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கருவடிக்குப்பத்தில் அது எங்களுக்கு வாடகை வீடு. முன்னால் ஒரு இரும்பு கேட்டு. அதைத் தாண்டினால் தெரு.

இனிமேல் கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது, மீறினால் அபராதம் என்று ஆட்டோவில் இருந்து சத்தம் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே முனை திரும்பிப் போய்விட்டது.

"என்னாடி சொல்றான்?" என்றார் அக்கா.

"கவரு கிடையாதாங்க்கா."

"கவரு இல்லாம மீன எதுலடி வாங்கறது? மடியிலயா?"

"மடியில வாங்கிப் பாரேன், பூனைங்க எல்லாம் பின்னாடியே வரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு வாரம் கத்துவானுங்க. அப்புறம் அவனே கவருல பிரியாணி வாங்கிக்கினு போவான், பாரு."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஜன்னலுக்குள் இருந்து சத்தம் இல்லை.

மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஐப்பசியில் கல்யாணம் செய்தோம். அடுத்த ஆடிக்கு முறைப்படி அழைத்து வந்தோம். ஆடி முடிந்தது. அங்கிருந்து கூட்டிப்போக யாரும் வரவில்லை. அவளும் போக மாட்டேன் என்றாள். ஏன் என்று எங்களிடம் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி உறவை அறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் கேட்டைத் தாண்டவில்லை. கடைக்கு இல்லை. கோயிலுக்கு இல்லை. பொங்கலுக்குக்கூட வாசலில் கோலம் நான்தான் போட்டேன்.

என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். இந்தப் பெண் எப்போது கேட்டைத் தாண்டுவாள்? கவர் இருந்தால் என்ன, போனால் என்ன என்று இருந்தேன்.

போன பிறகுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் எல்லாமே கவர்தான் என்று. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர் தொங்கும். அதற்குள் மற்ற கவரெல்லாம். துணிக்கடைக் கவர் தடியாக இருக்கும், அதை மடித்து அடியில் வைப்பேன். மீன் கவரைக் கழுவி கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பேன். மழை வந்தால் என் வீட்டுக்காரர் தலையில் கவர். சைக்கிள் சீட்டுக்கு ஒன்று. ரேஷன் கார்டுக்கு ஒன்று. டிவி ரிமோட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டு ஒன்று. குப்பையைக் கவரில் கட்டித்தான் முனைத் தொட்டியில் போடுவோம். ஓட்டல் சாம்பார் ஒரு கவர், சட்னி ஒரு கவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஜாக்கெட் தைத்த மெஷின் மூலையில் இருந்தது. மெத்தை வாங்கியபோது வந்த பெரிய கவரைப் போட்டு அதை மூடியிருந்தாள்.

ஆணியில் தொங்கிய மூட்டை போதும் என்று நினைத்தேன். பொங்கல் கழிந்து மாசி வருவதற்குள் எல்லாம் கிழிந்துவிட்டது.

முதலில் மாட்டிக்கொண்டது என் வீட்டுக்காரர். அவருக்கு மரவாடியில் பலகை அடுக்கும் வேலை. ஒரு சாயங்காலம் வழியில் நல்ல மத்தி கிடைத்திருக்கிறது. மீன்காரம்மா கவர் இல்லை என்று கையை விரித்துவிட்டது. அவர் யோசிக்கவே இல்லை. டிபன் கேரியரைத் திறந்து மூன்று அடுக்கிலும் மீனைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நான் புளி போட்டுத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வெயிலில் வைத்தேன். மறுநாள் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் வந்து சொன்னார்.

"மரவாடில கேக்கறானுங்க. உங்க வூட்டுல எலுமிச்ச சோத்துல மீன் போடுவாங்களான்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"எங்க ஊருப் பக்கம் அப்படித்தான்னேன்."

உள்ளறையில் மகள் சிரித்தாள். சின்னச் சத்தம்தான். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். மீனுக்கென்று மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கு. அதை வேறு எதற்கும் தொடுவதில்லை. சாம்பாருக்கு வேறு தூக்கு. குப்பைக்குப் பழைய பெயிண்டு வாளி. அடியில் பேப்பர் போட்டு, தொட்டியில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். காய்த் தோலைப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். எலி வந்தது. ஆழமாகப் புதைத்தோம். எலி போய்விட்டது.

பைதான் தகராறு. பாதி வழி போன பிறகுதான் பை ஞாபகம் வரும். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனால் எதற்குப் போனோம் என்பது மறந்துவிடும். நான் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலை செய்தேன். அந்த வீட்டு அம்மாவை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரு கவலையும் இல்லை. எந்தக் காலத்திலும் ஓலைக்கூடைதான் எடுத்துப் போவார்.

"ஒங்க வூட்ல கூடை இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்குது மதாம். கோழி அட உக்காந்திருக்குது."

பிறகு கவர் திரும்பவும் வந்தது. வரும், பிடிப்பார்கள், போகும், வரும். ஆனால் எங்கள் வீட்டில் தூக்கு தூக்காகவே நின்றுவிட்டது. வாளியும்தான்.

எங்களிடம் இருந்த துணிப்பை ஒன்றே ஒன்று, மஞ்சள் பை. அதைக் கொண்டு போகும்போது அக்கா சும்மா இருக்க மாட்டார். "என்னாடி, கோர்ட்டுக்கா?" என்பார். கடைசியில் போன எலி திரும்பி வந்து அதன் அடியையும் கடித்துவிட்டது. கடுகு ஒழுகிக்கொண்டே வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

பரண் மேல் பைகள் இருந்தன. ஒரு மூட்டை.

மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடித்தோம். தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பை. மஞ்சள் காடாத் துணி. மேலே பிள்ளையார். அதன் கீழே அவள் பெயர், அவன் பெயர், தேதி, மண்டபம். கடைசி வரியில் 'வருகைக்கு நன்றி.' அன்றைக்கு விடாத மழை. பாதிப் பேர் வரவில்லை. தேங்காயைத் துவையல் அரைத்து அரைத்துத் தீர்த்தோம். பை மீந்துவிட்டது. மகள் திரும்பி வந்த பிறகு நான் அதைப் பழைய போர்வையில் சுற்றி, பரணில் அண்டா குண்டானுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை.

அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பர், மரத்தின் அளவு, அதெல்லாம் பிசகாது. எழுத்தை மட்டும் பார்க்கவே மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மதாம் வீட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு லீவு. பெரிய மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று பை தேடியிருக்கிறார். மஞ்சள் பையில் ஓட்டை. பரண் ஏறியிருக்கிறார். போர்வை ஓரத்தில் மஞ்சளாகத் துணி தெரிந்திருக்கிறது. ஒன்றை உருவிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் நான் திரும்பும்போது அக்கா கேட்டிலேயே மறித்தார்.

"ஏன்டி, செவுத்துக்கு இந்தப் பக்கம்தான இருக்கேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என்னாக்கா?"

"மருமவன் வந்து கூட்டிக்கினு போறாராமே."

"யாரு சொன்னது?"

"கீரக்காரி சொன்னா. காலையில மார்க்கெட்டுல பாத்தாளாம்."

"யார?"

"உன் வூட்டுக்காரரத்தான். அவரே சொன்னாராம்."

உள்ளே போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காய் நிறைந்த பை. பிள்ளையார் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இத எங்கருந்து எடுத்தீங்க?"

"பரண் மேல."

"இது யாரு கல்யாணத்துப் பை தெரியுமா?"

"எந்தங்கச்சி வூட்டுதுல்ல?"

எல்லா வீட்டுப் பையிலும் அதே பிள்ளையார்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"மார்க்கெட்டுல யாரு என்னா கேட்டாங்க?"

"கீரக்காரம்மா கேட்டுச்சு, எல்லாம் நல்லபடியான்னு. நல்லபடிதான்னேன்."

"வேற?"

"பக்கத்துலயே இருந்த வாழக்கா கடைக்காரரு பையப் பாத்துட்டு, சேந்துடுச்சான்னாரு. ஆமா, எல்லாம் சேந்துடுச்சு, நீ வாழக்காயப் போடுன்னேன்."

"எது சேந்துடுச்சின்னு கேக்க மாட்டீங்களா?"

"கத்திரிக்கா, மொளகா எல்லாம் வாங்கிட்டேனான்னு கேக்கறாருன்னு நெனச்சேன்."

நான் பையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான். மெதுவாகத்தான் வரும். முதல் பெயரைப் படித்ததுமே அவர் கை நின்றுவிட்டது. இரண்டாவது பெயரை நான் படிக்கவில்லை.

அவர் காயை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். பையை மடித்தார். தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

அப்போது மகள் அறைக்கதவில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"குடுங்கப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"குடுங்க."

கொடுத்தார். அவள் விரித்துப் படித்தாள். மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். நான் அடுப்பங்கரையைப் பார்த்தேன்.

"இரு, பரண்ல இருக்கறதையும் எடுத்தாறேன். வெந்நி அடுப்புல வச்சிடலாம்" என்றேன்.

"துணி என்னாம்மா பண்ணுச்சு?" என்றாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். "நல்ல காடா. அப்பா அஞ்சு கிலோ காய் தூக்கியாந்திருக்காரு, தையல் விடல."

பையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். மெஷின் மேல் இருந்த கவரை எடுத்தாள். கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். இறுகிப்போயிருந்தது. எண்ணெய் கேட்டாள். தேங்காய் எண்ணெயை நீட்டினேன். "இது இல்லம்மா" என்றாள். அவர் ஓடிப்போய் சைக்கிளுக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்குள் ஓடி நான் பார்த்ததில்லை.

"அப்பா, ஒங்க பழைய கைலி ஒண்ணு குடுங்க."

நீலக் கட்டம் போட்ட கைலி. கிழித்தாள். பட்டையாக வெட்டினாள். ஓரம் மடித்து, பையில் ஒரு பெயரின் மேல் வைத்துத் தைத்தாள். அவன் பெயருக்குப் பின்னால் படிப்பும் போட்டிருந்தது. அவள் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பட்டை போதவில்லை. இன்னொரு துண்டு சேர்த்துத் தைத்தாள்.

"படிப்புக்குத்தான் துணி நெறைய புடிக்குது" என்றாள்.

மெஷின் சத்தம் கேட்டதும் அக்கா வந்துவிட்டார். கையில் ஒரு டம்ளர். சர்க்கரை கேட்க வந்த மாதிரி. பையைப் பார்த்தார்.

"எதுக்குக் கண்ணு ஒண்ணு மட்டும்? ரெண்டு பேரையும் மறைச்சிடு."

"எம்பேர எதுக்கு பெரிம்மா மறைக்கணும்? எங்கப்பா வச்ச பேரு."

என் வீட்டுக்காரர் பூண்டை உரித்தார். உரித்ததையே உரித்தார்.

"அப்ப அவன் பேரு?"

"அதுக்குத்தான் கைலி."

"அடிப்பாவி!" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாமனாரு கைலியில போத்தி வச்சிட்டியேடி அவன!" பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணு குடு. ரேஷனுக்குப் போவணும்" என்றார். சர்க்கரையை மறந்துவிட்டார்.

பரணில் இருந்து இன்னும் கொஞ்சம் பைகளை உருவிக் கொடுத்தேன். தைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் ரேஷனுக்குப் போனார். இன்னொன்றோடு நான் முனையில் உள்ள மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தத் தெருவுக்குப் புதுசு. எங்கள் கதை அவருக்குத் தெரியாது. பருப்பை நிறுத்துக்கொண்டே பையைப் படித்தார். பிள்ளையார். ஒரு பெண் பெயர். நீலப் பட்டை. வருகைக்கு நன்றி.

"இது எந்தக் கடம்மா? புதுசா?"

"கட இல்லிங்க. எம்பொண்ணு தைக்குது."

"நல்லா இருக்குதே. ஜனங்க வெறுங்கைய வீசிக்கினு வருது. கவரு இல்லன்னா எம்மேல பாயுது. இந்த மாதிரி இருந்தா நான் வாங்கி வச்சிக்கறேன். நன்றின்னு வேற போட்டிருக்குது."

தேதி எதற்கு என்று கேட்டார். அது கிடக்கட்டும் என்றேன்.

"காது மட்டும் சின்னதா இருக்குது. தோள்ல மாட்டற மாதிரி நீட்டி வேணும். தைக்கிறவங்கள வந்து அளவு பாத்துக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். நானே போய் அளவு எடுத்து வருகிறேன் என்றும் சொன்னேன். அவள் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படித்தான். நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்த வாரம் முழுவதும் நான் வேலைக்குப் போகும்போதும் மெஷின் ஓடியது. வரும்போதும் ஓடியது. கைலி தீர்ந்து என் பழைய புடவைக்கு வந்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் குளித்துவிட்டு, தலை வாரி, தைத்த பைகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கடைக்குப் போய்ட்டு வரேம்மா."

தெருவில் ஜனம் நிறைய இருக்கிற நேரம். எல்லா வாசலிலும் ஆள்.

"கொஞ்சம் இருட்டட்டுமே" என்றேன்.

"இருட்டுனா கட சாத்திடுவாங்க."

கேட்டின் கொண்டியைத் தூக்கினாள். வெளியே போனாள். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

நேராகத்தான் நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பாதித் தெருவில் கீரைக்காரம்மா எதிரே வந்தது. காலையில் மார்க்கெட்டில் விற்று மீந்ததைக் கூடையில் வைத்து சாயங்காலம் தெருவில் கூவும். அந்தம்மாவுக்குத் தொண்டை பெரிசு.

"ஏ பொண்ணு! வூட்டுக்காரரு வந்துட்டாராமே! எப்பக் கௌம்பற?"

வாசல்களில் பேச்சு நின்றது. என் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்தார்.

மகள் ஒரு பையைத் தூக்கிக் காட்டினாள்.

"படிச்சுப் பாருங்க."

"எனக்கு எங்கம்மா படிக்கத் தெரியும்? நீ சொல்லு."

அவள் எங்கள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அவரு வரலிங்க" என்றாள். அந்தம்மா அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். எங்களுக்கே கேட்டது. "வரவும் மாட்டாரு. நானும் போவல. இங்கதான் இருக்கேன்."

கீரைக்காரம்மா கூடையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டது. அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"அப்ப அந்த மனுசன் ஏன் சேந்துடுச்சின்னாரு?"

"கத்திரிக்காயச் சொன்னாராம்."

"நல்ல அப்பன்டியம்மா உனக்கு!" என்றது கீரைக்காரம்மா. எதிர்வாசலில் யாரோ சிரித்தார்கள். "சரி, இங்கதான இருக்கப் போற? எனக்கும் ஒண்ணு குடு. கீரயக் குடுக்க கவரு இல்லாம ஜனம் திட்டுது."

கொடுத்தாள். பதிலுக்கு அந்தம்மா ஒரு கட்டு முளைக்கீரையை அவள் கையில் திணித்துவிட்டுக் கூவிக்கொண்டே போனது. மகள் முனைக்கு நடந்தாள். கடைக்குள் போனாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரியவில்லை.

"உள்ள வாங்க" என்றேன் அவரிடம். அவர் வரவில்லை. அவள் திரும்பி வரும்வரைக்கும் கேட்டிலேயே நின்றார்.

வந்தாள். கையில் கீரை மட்டும்தான் இருந்தது. பை ஒன்றும் இல்லை. தண்ணீர் குடித்தாள். ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினாரும்மா. காது நீட்டித் தச்சா இன்னும் வேணுமாம். நாளைக்கு நாடா வாங்கப் போறேன், மார்க்கெட்டுக்கு."

"நான் வரட்டா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாங்க. ஆனா யாரு என்னா கேட்டாலும் ஆமான்னு சொல்லாதீங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"பரண்ல இன்னும் எத்தினிம்மா இருக்குது?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் ஏறி மூட்டையை இறக்கினார். போர்வையைப் பிரித்தார். மரவாடியில் பலகை அடுக்குகிற மாதிரி பத்துப் பத்தாக அடுக்கினார். நானும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முடித்துவிட்டு வாய்விட்டுச் சொன்னார்.

நூற்று நாற்பத்திரண்டு.